நகல் போனால் நஷ்டம் எவ்வளவு?

(பைரசி பற்றியும் அதைத் திருட்டோடு ஒப்பிடுவது பற்றியும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கணக்குகளில் பணத்தின் பெயரைச் சொல்லவில்லை. வெறும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: கடையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடுவதும், அதே புத்தகத்தின் பி.டி.எஃப்பை இணையத்தில் இறக்கிக்கொள்வதும் பொருளாதாரக் கணக்கில் ஒன்றா?

ஒன்றல்ல. இரண்டிலும் நஷ்டம் உண்டு. ஆனால் நஷ்டப்படுகிற ஆளே வேறு. ஒரு புத்தகத்தை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

அச்சுப் புத்தகத்தின் விலை 100. கடைக்காரர் அதை 65-க்குக் கொள்முதல் செய்திருக்கிறார். அலமாரியிலிருந்து அது காணாமல் போனால் அவர் இழப்பது 65. விலையான 100-ஐ அவர் இழக்கவில்லை. கூடுதலாக இரண்டு புத்தகம் விற்றால் தலைக்கு 35 வீதம் 70 கிடைத்து அந்த ஓட்டை அடைபடும். ஆனால் கூடுதல் விற்பனை கேட்டவுடன் கிடைப்பதில்லை. வாடகை, சம்பளம், மின்சாரம் போக ஒரு புத்தகத்துக்கு 5 மிஞ்சுகிறது என்றால், ஒரு திருட்டு 13 புத்தகங்களின் லாபத்தை விழுங்கிவிடும். விற்காததைத் திருப்பித் தரலாம் என்ற ஏற்பாட்டில் சரக்கு எடுத்திருந்தாலும் இதே கதைதான். திருப்பித் தரப் புத்தகம் கையில் இருந்தாக வேண்டும்.

இந்தத் திருட்டில் எழுத்தாளருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அந்தப் பிரதிக்கான பணம் கடையிடமிருந்து பதிப்பகத்துக்கு ஏற்கெனவே போய்விட்டது, அல்லது போயே தீர வேண்டும்.

பி.டி.எஃப்பில் எல்லாம் தலைகீழ். யாருடைய அலமாரியிலும் இடம் காலியாகவில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கு மங்குவதில்லை. கூடுதலாக ஒரு பிரதி எடுக்க ஆகும் செலவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில். ஆகவே 'எடுத்ததனால்' நஷ்டம் வருவதில்லை, 'வாங்காமல் விட்டதனால்' வருகிறது. மின்னூலின் விலை 100, விற்கும் தளத்துக்குக் கழிவு 30, பதிப்பகத்துக்கும் எழுத்தாளருக்கும் சேர்ந்து 70 என்று வைப்போம். 1,000 பேர் இலவசமாக இறக்கினார்கள். அது கிடைக்காமல் போயிருந்தால் அவர்களில் 200 பேர் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள் என்றால் நஷ்டம் 200 × 70 = 14,000. 1,000 × 100 = ஒரு லட்சம் என்று சொல்வது தவறு. ஒருவர்கூட வாங்கியிருக்க மாட்டார் என்றால் நஷ்டம் பூஜ்யம்.

ஆக, பொருள் திருட்டில் நஷ்டம் நிச்சயமானது, ஆனால் எல்லை உள்ளது: அலமாரியில் இருப்பதற்கு மேல் போகாது. பைரசியில் நஷ்டம் எவ்வளவு என்பது தெளிவில்லை, எல்லையும் கிடையாது. அந்த ஒரு கோப்பு நாளைக்குப் பத்தாயிரம் ஆகலாம். ஒரு பிரதியை எடுத்து ஒப்பிட்டால் திருட்டுதான் கொடியது. ஒரு முழு வெளியீட்டை எடுத்து ஒப்பிட்டால் பைரசி பல மடங்கு கொடியதாக முடியலாம். இந்த இரண்டு ஒப்பீட்டையும் கலந்து பேசுவதால்தான் வாதம் முடிவதே இல்லை.

கேள்வி: அப்படியானால் சட்டம் இதைத் திருட்டு என்று சொல்கிறதா, இல்லையா?

பெரும்பாலும் சொல்வதில்லை. இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம், உரியவரிடமிருந்து பொருளை நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் வேண்டும் என்கிறது. 1970-களின் இறுதியில் அங்கே ஒரு வழக்கு. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தேர்வுக்கு முன்பே வினாத்தாளை எடுத்துப் பார்த்தார். தாளைத் திருப்பி வைத்துவிடும் எண்ணத்தில்தான் எடுத்தார் என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. அதில் இருந்த தகவலைத் திருடினார் என்று குற்றம் சாட்டினார்கள். தகவல் என்பது அந்தச் சட்டத்தின்படி திருடக்கூடிய சொத்து அல்ல என்று நீதிமன்றம் விட்டுவிட்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இல், எல்விஸ் பிரெஸ்லி பாடல்களை அனுமதியில்லாமல் இசைத்தட்டாக்கி மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிய வழக்கில் இதையே சொன்னது. பதிப்புரிமையை மீறுவது வேறு, திருடிய பொருளைக் கடத்துவது வேறு என்று பிரித்தது.

திருட்டு அல்ல என்றால் குற்றம் இல்லை என்று பொருளாகாது. பதிப்புரிமை என்பதே தனிச் சட்டம். 1710-இல் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் புதிய புத்தகங்களுக்கு 14 ஆண்டும், ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னொரு 14 ஆண்டும் உரிமை கொடுத்தது. நாற்காலிக்கு இப்படிக் காலவரை யாரும் விதிப்பதில்லை. அந்தக் காலவரையே இது வேறு வகைச் சொத்து என்பதைக் காட்டுகிறது. வணிக அளவில் வேண்டுமென்றே செய்யப்படும் பைரசிக்குக் குற்றவியல் தண்டனை இருக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் 61-ஆம் பிரிவில் உறுப்பு நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது.

கேள்வி: 'வாங்கியிருப்பார்கள்' என்ற எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகம்தானே?

நேரடியாகப் பார்க்க முடியாத எண் அது. ஆனால் ஊகம் அல்ல. ஆய்வாளர்கள் இதை இடப்பெயர்ச்சி விகிதம் என்பார்கள். ஓர் இலவச இறக்கம் எத்தனை விற்பனையை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அது. 1 என்றால் ஒவ்வொரு இறக்கமும் ஒரு விற்பனையைத் தின்றது. 0 என்றால் எதையும் தின்னவில்லை.

இதில் முதல் பொறி: நன்றாக விற்கும் ஆல்பம்தான் அதிகமாகத் திருட்டுப் பிரதியும் ஆகும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் பைரசி கூடக் கூட விற்பனையும் கூடுவதுபோலத் தெரியும். காரணம் மூன்றாவது ஒன்று, அந்தப் பாட்டின் பிரபலம். இதைக் கழிக்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது. கழிப்பதற்கு, பைரசியை மட்டும் அசைத்து விற்பனையை நேரடியாக அசைக்காத ஏதோ ஒன்று வேண்டும்.

ஓபர்ஹோல்ட்சர்-கீ, ஸ்ட்ரம்ஃப் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் பிடித்த கருவி ஜெர்மன் பள்ளி விடுமுறை. விடுமுறை விட்டால் அங்கே பிள்ளைகள் கணினியை இயக்கிக் கோப்புகளைப் பகிர்வார்கள். அதனால் அமெரிக்காவில் இறக்கம் எளிதாகும். ஆனால் ஜெர்மன் விடுமுறைக்கும் அமெரிக்க இசை விற்பனைக்கும் வேறு தொடர்பில்லை. அவர்களுக்குக் கிடைத்த விடை: விற்பனை மீதான பாதிப்பைப் பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. ராப், வால்ட்ஃபோகல் இருவரும் 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் ஆல்பம் ஆல்பமாகக் கேட்டு எடுத்த கணக்கில் விகிதம் சுமார் 0.2 வந்தது. ஐந்து ஆல்பம் இறக்கினால் ஒரு விற்பனை போகிறது என்று பொருள்.

இயற்கையாக நடந்த சோதனைகள் இன்னும் தெளிவானவை. என்.பி.சி. தொலைக்காட்சி 2007 டிசம்பரில் தன் தொடர்களை ஐட்யூன்ஸ் கடையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதே தொடர்களின் பைரசி 11 சதவீதத்துக்கு மேல் கூடியது. டி.வி.டி. விற்பனை அசையவில்லை. வாங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதி டி.வி.டி.க்குப் போகாமல் நேரே திருட்டுப் பிரதிக்குப் போனார்கள். எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு: திருட்டுப் பிரதிகள் பரவிய மெகாஅப்லோட் என்ற கோப்புப் பகிர்வுத் தளம் 2012 ஜனவரியில் மூடப்பட்டது. அதன்பின் பெரிய ஸ்டூடியோக்களின் டிஜிட்டல் திரைப்பட வருமானம் 12 நாடுகளில் 6.5 முதல் 8.5 சதவீதம் உயர்ந்ததை டானஹர், ஸ்மித் கணக்கிட்டார்கள்.

ஐரோப்பிய ஆணையம் வரவழைத்த ஓர் ஆய்வு 2015-இல் முடிந்து 2017-இல்தான் வெளியே வந்தது. பொதுவாக இடப்பெயர்ச்சிக்கு உறுதியான புள்ளியியல் சான்று இல்லை என்றது. ஆனால் புதிதாக வெளியான பெரும் வெற்றிப் படங்களுக்கு மட்டும் பத்து திருட்டுப் பார்வைக்கு நான்கு முறையான பார்வை குறைகிறது என்றது.

எங்கள் கருத்து இது. பூஜ்யம் என்பதைப் பிறகு வந்த பெரும்பாலான ஆய்வுகள் ஏற்கவில்லை. 1 என்பதையும் பெரும்பாலான ஆய்வுகள் ஏற்கவில்லை. பொருளின் வகை, வெளியான தேதி, முறையான வழியில் அது கிடைக்கிறதா என்பதைச் சொல்லாமல் ஒரே எண்ணைச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

கேள்வி: 'பைரசியால் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் கோடி நஷ்டம்' என்று வரும் எண்கள் எப்படிப் போடப்படுகின்றன?

பல சமயம் திருட்டுப் பிரதிகளின் எண்ணிக்கையை முழு விலையால் பெருக்கித்தான். மேலே பார்த்த 14,000-ஐ ஒரு லட்சமாக்கும் அதே கணக்கு. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2010 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், அரசுத் துறைகளின் பெயரால் பரவியிருந்த மூன்று பெரிய நஷ்ட மதிப்பீடுகளை மூலம் வரை தேடிப் போனது. எந்தத் தரவிலிருந்து, எந்த முறையில் வந்தவை என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டது. பைரசி பெரிய பிரச்சினைதான் என்பதையும் அதே அறிக்கை சொன்னது.

இன்னொரு குழப்பமும் உண்டு. படம் வாங்காமல் மிச்சப்படுத்திய பணத்தை யாரும் எரித்துவிடுவதில்லை, வேறு எதற்கோ செலவிடுகிறார்கள். அது படத் தயாரிப்பாளருக்கு நஷ்டம், நாட்டின் மொத்தக் கணக்குக்கு அந்த அளவு நஷ்டம் அல்ல. பொருள் திருட்டுக்கும் இது பொருந்தும். கைமாறிய பொருள் எங்கோ பயன்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பொருளாதார அறிஞர் கார்டன் டல்லக் 1967-இலேயே இதைச் சொன்னார். திருட்டினால் சமூகத்துக்கு ஏற்படும் உண்மையான செலவு, திருடுவதற்கும் தடுப்பதற்கும் போகும் உழைப்பில்தான் இருக்கிறது என்றார். பூட்டு, காவலாளி, கேமரா, கண்ணாடிப் பெட்டி. டிஜிட்டலில் இவற்றின் இடத்தில் நகல் தடுப்பு மென்பொருள், வழக்கறிஞர் கட்டணம், பூட்டினால் அவதிப்படும் நேர்மையான வாடிக்கையாளர்.

கேள்வி: பைரசி நஷ்டத்தை வரவு செலவுக் கணக்கில் எழுத முடியுமா?

பொதுவாக முடியாது. சரக்கு காணாமல் போனால் கணக்கு இருக்கிறது: தொடக்க இருப்பு + கொள்முதல் − விற்ற சரக்கின் அடக்கவிலை = இருக்க வேண்டிய இருப்பு. எண்ணிப் பார்த்ததில் வந்த குறைவை அடக்கவிலையில் நஷ்டமாக எழுதலாம். விற்பனை விலையில் எழுதக் கூடாது. நகல் எடுத்ததில் இருப்பு எதுவும் குறையவில்லை, வராத வருமானத்தை எந்தப் பேரேட்டிலும் ஏற்ற வழியில்லை.

கேள்வி: படம் வெளியாகும் முன்பே கசிவதும், ஓராண்டு கழித்துக் கசிவதும் ஒரே அளவு நஷ்டம்தானா?

நிச்சயமாக இல்லை. பைரசியின் பொருளாதாரத்தில் மிக முக்கியமான சங்கதி எது என்றால் நாங்கள் இந்த நாள் கணக்கைத்தான் சொல்வோம்.

திரைப்படம், கணினி விளையாட்டு இரண்டின் விற்பனையும் மலைச்சரிவு போன்றது. முதல் சில நாட்களில் உச்சியில் நிற்கும், பிறகு விழுந்துகொண்டே போகும். கோப்பு எந்த நாளில் வெளியே வந்ததோ, அந்த நாளுக்குப் பிறகு மீதமிருக்கும் விற்பனையை மட்டுமே அது தின்ன முடியும். வெளியீட்டுக்கு முன்பே கசிந்தால் முழு மலையும் அதன் முன்னால் இருக்கிறது. 2014-இல் வந்த ஓர் ஆய்வின்படி, வெளியீட்டுக்கு முன் கசிந்த படங்களின் திரையரங்க வசூல், வெளியான பிறகு கசிந்தால் வந்திருக்கக்கூடியதைவிடச் சராசரியாக 19 சதவீதம் குறைவு.

கணினி விளையாட்டுகளில் டெனுவோ என்ற நகல் தடுப்புப் பூட்டு பற்றி 2024-இல் வெளியான ஆய்வு இன்னும் பயனுள்ளது. வெளியான முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் மொத்த வருமானத்தில் சுமார் 20 சதவீதம் போகிறது. வாரம் தள்ளத் தள்ள இது சுருங்குகிறது. 12 வாரத்துக்குப் பிறகு உடைந்தால் நஷ்டம் ஏறக்குறைய இல்லை. இதிலிருந்து நேரடியாக ஒரு முடிவு எடுக்கலாம். பூட்டுக்குக் கட்டணம் கட்டுகிற நிறுவனம் முதல் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்டிவிட்டு, பிறகு பூட்டை எடுத்துவிடலாம். அதற்குமேல் பூட்டு வைத்திருந்தால் காசும் போகும், வாங்கியவரின் கணினி வேகமும் குறையலாம்.

பொருள் திருட்டில் இந்த நாள் கணக்கு இப்படி இல்லை. கிடங்கிலிருந்து ஒரு நாற்காலி இன்றைக்குப் போனாலும் பத்து மாதம் கழித்துப் போனாலும் போவது அதே அடக்கவிலைதான்.

கேள்வி: ஒரு பாட்டு ஒரு டாலருக்குள் கிடைத்த காலத்தில், ஒரு பாட்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் இழப்பீடு விதித்தார்களாமே. என்ன நியாயம்?

நீங்கள் சொல்வது 24 பாடல்களைப் பகிர்ந்ததாக அமெரிக்காவில் நடந்த வழக்கு. 2007-இல் நடுவர்குழு விதித்தது 2,22,000 டாலர். மறுவிசாரணையில் அது 2009-இல் 19 லட்சத்து 20 ஆயிரம் ஆனது, மூன்றாம் முறை 15 லட்சம், கடைசியில் 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய 2,22,000-ஐயே உறுதி செய்தது. ஒரு பாட்டுக்கு 9,250 டாலர். அங்கே சட்டமே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 வரையும், வேண்டுமென்றே செய்திருந்தால் 1,50,000 வரையும் அனுமதிக்கிறது. உண்மையான நஷ்டத்தை நிரூபிக்கத் தேவையில்லை.

இதற்கு ஒரு பொருளாதார வாதம் உண்டு. கேரி பெக்கர் 1968-இல் எழுதிய குற்றமும் தண்டனையும் பற்றிய கட்டுரையிலிருந்து வருவது. பத்தில் ஒருவர்தான் பிடிபடுவார் என்றால், பிடிபட்டவரிடம் நஷ்டத்தைப்போல் பத்து மடங்கு வாங்கினால்தான் மற்றவர்களுக்குக் கணக்கு சமமாகும். இணையத்தில் பிடிபடும் வாய்ப்பு பத்தில் ஒன்று எங்கே, ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதனால் பெருக்கும் எண் வானத்துக்குப் போகிறது. இரண்டாவது காரணம், அது இறக்கிக்கொண்டதற்கான தண்டனை அல்ல, பகிர்ந்ததற்கானது. டோரண்ட்டிலும் இதுதான் சிக்கல்: கோப்பு துண்டு துண்டாக வரும், வந்த துண்டை உங்கள் கணினி அப்போதே அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நீங்கள் இறக்குவதாக நினைக்கும்போதே விநியோகிப்பவரும் ஆகிவிடுகிறீர்கள்.

ஆனாலும் இந்த வாதம் நடைமுறையில் நொண்டுகிறது. மாட்டிக்கொண்ட ஒருவரால் கட்டவே முடியாத தொகை, ஒரு அளவுக்கு மேல் யாரையும் கூடுதலாகப் பயமுறுத்துவதில்லை. மாட்டாத லட்சம் பேரின் கணக்கை ஒரு தனி மனிதரின் தலையில் இறக்குவது நியாயம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: விளையாட்டுகளின் ஆக்டிவேஷன் கீ மலிவாக மறுவிற்பனைத் தளங்களில் கிடைக்கிறது. அதை வாங்குவது டோரண்ட்டைவிட மேலா?

உருவாக்கியவரின் கணக்கில் பார்த்தால் சில சமயம் டோரண்ட்டைவிட மோசம். கீ என்பது விளையாட்டைத் திறக்கும் குறியீடு, கோப்பு மாதிரி அல்ல. ஒன்றை ஒருவர்தான் பயன்படுத்த முடியும். அதனால் அதைப் பொருள் போலவே திருட முடியும்.

நடப்பது இப்படி. திருடிய கார்டு எண்ணை வைத்து ஒருவர் 20 விலையுள்ள 10 கீயை வாங்குகிறார். தலா 12-க்கு மறுவிற்பனைத் தளத்தில் தள்ளிவிடுகிறார். சில வாரம் கழித்துக் கார்டுக்கு உரியவர் தன் வங்கியில் புகார் செய்கிறார். வங்கி 200-ஐ விற்றவரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. அத்தோடு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புகார்க் கட்டணம் வசூலிக்கிறது. அது 15 என்று வைத்தால் பத்துக்கு 150. கீயை ரத்து செய்தால், காசு கொடுத்துத்தான் வாங்கினேன் என்று பத்துப் பேர் உதவி மையத்தில் சண்டை பிடிப்பார்கள். ரத்து செய்யாவிட்டால் பத்துப் பிரதி இலவசம். டோரண்ட்டில் கையிலிருந்து ஒரு காசும் போவதில்லை, இங்கே 150 போகிறது. புகார் விகிதம் உயர்ந்தால் கட்டணச் சேவை நிறுவனம் கணக்கையே முடக்கிவிடும்.

மறுவிற்பனையில் வரும் எல்லா கீயும் திருட்டு அல்ல. தொகுப்புச் சலுகையில் வாங்கிப் பயன்படுத்தாததும் உண்டு. வாங்குகிறவருக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை என்பதுதான் கஷ்டம். விற்கிறவர்கள் செய்யக்கூடியது: ஒரு கார்டுக்கு இரண்டு கீக்கு மேல் தராதீர்கள். பெரிய ஆர்டர்களை ஓரிரு நாள் தாமதித்து அனுப்புங்கள். எந்தக் கீ எந்தக் கடைக்கு, எந்தத் தொகுப்பில் போனது என்று பட்டியல் வைத்திருங்கள். பட்டியல் இல்லாவிட்டால் திருட்டுக் கீயை மட்டும் தனியாக ரத்து செய்ய முடியாது.

கேள்வி: பைரசி இலவச விளம்பரம் என்கிறார்களே?

மென்பொருளுக்கு ஓரளவு உண்மை. எல்லோரும் ஒரே சொற்செயலியைப் பயன்படுத்தினால் அதன் மதிப்பு கூடும். மாணவனாகத் திருட்டுப் பிரதியில் பழகியவர் பிறகு அலுவலகத்துக்கு உரிமம் வாங்கச் சொல்வார். ஒருமுறை பார்த்தால் தீர்ந்துவிடும் படத்துக்கு இது பொருந்தாது, பார்த்த பிறகு வாங்குவதற்கு என்ன இருக்கிறது? மெகாஅப்லோட் மூடியபிறகு நடுத்தர, சிறிய படங்களின் திரையரங்க வசூல் குறைந்ததாகவும் ஓர் ஆய்வு உண்டு. அந்தப் படங்களுக்கு வாய்மொழிப் பேச்சு அங்கிருந்துதான் பரவியிருக்கலாம். ஆனால் விளம்பரம் வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியவர் படைத்தவர். அவர் சார்பில் நாம் முடிவு செய்துவிட்டு விளம்பரம் என்று பெயர் வைப்பது சரியல்ல.

கேள்வி: காசு வராவிட்டால் படைப்பதையே நிறுத்திவிடுவார்களா?

இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. பாட்டுக் கோப்புகளை இலவசமாகப் பகிரும் நாப்ஸ்டர் 1999-இல் வந்தது. அந்த ஆண்டு அமெரிக்க இசைப் பதிவுத் துறையின் வருமானம் சுமார் 1,460 கோடி டாலர். பதினைந்து ஆண்டில் அது பாதிக்கும் கீழே போனது. எல்லாப் பழியும் பைரசி மீது அல்ல, முழு ஆல்பத்தை வாங்காமல் ஒரே பாட்டை 99 சென்டுக்கு வாங்கும் வசதி வந்ததும் காரணம். ஆனால் புதிய இசையின் தரமோ வரத்தோ சரியவில்லை என்று வால்ட்ஃபோகல் காட்டினார். பதிவு செய்வதும் மக்களிடம் கொண்டுபோவதும் அதே காலத்தில் மிகவும் மலிவாகிவிட்டன.

மாறாக, 1985 முதல் 2000 வரை வீடியோ கேசட்டாலும் கேபிளாலும் இந்தியத் திரைத்துறைக்கு வந்த அடியை டெலாங்கும் வால்ட்ஃபோகலும் ஆராய்ந்தார்கள். அங்கே வருமானமும் விழுந்தது, புதிய படங்களின் எண்ணிக்கையும் விழுந்தது. படம் எடுக்கும் செலவு அப்போது குறையவில்லை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, ஒரு படைப்பை உருவாக்க ஆகும் முதல் செலவு எவ்வளவு, அது குறைந்துவருகிறதா என்பதுதான்.

கேள்வி: நான் நடத்தும் ஆன்லைன் வகுப்பின் வீடியோக்களை 12,000 பேர் உள்ள ஒரு செயலிக் குழுவில் யாரோ போட்டுவிட்டார்கள். என் நஷ்டத்தை எப்படிக் கணக்கிடுவது, என்ன செய்வது?

12,000 என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். குழுவில் இருப்பவர் எல்லோரும் கோப்பைத் திறந்தவர்கள் அல்ல.

கசிவதற்கு முன் 8 வாரம், கசிந்த பின் 8 வாரம் என்று விற்பனையை எழுதுங்கள். வாரத்துக்கு 40 விற்றது 28 ஆகிவிட்டது என்று வைப்போம். உடனே 12 நஷ்டம் என்று சொல்லிவிடாதீர்கள். கசியாத உங்கள் இன்னொரு வகுப்பை எடுங்கள். அது 50-லிருந்து 45 ஆகியிருந்தால், பருவ காரணத்தால் எல்லாமே 10 சதவீதம் இறங்கியிருக்கிறது. கசியாமல் இருந்திருந்தாலும் உங்கள் 40 இப்போது 36 ஆகியிருக்கும். 36-க்கும் 28-க்கும் உள்ள வித்தியாசமான 8-தான் கசிவின் கணக்கு. கட்டணம், தளக் கழிவு போக ஒரு விற்பனையில் கையில் நிற்பது 70 என்றால் வாரத்துக்கு 560. இடையில் நீங்கள் விலையை மாற்றியிருந்தாலோ விளம்பரத்தை நிறுத்தியிருந்தாலோ இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்தது ஆதாரம். குழுவில் போய்ச் சண்டை போடாதீர்கள். உடனே பெயரை மாற்றிக்கொண்டு வேறு இடம் போய்விடுவார்கள். சத்தமில்லாமல் ஒவ்வொரு கோப்பின் முழு இணைப்பையும், தேதி, நேரம், நேர மண்டலத்தோடு திரைப்பிடிப்பையும் சேமியுங்கள். வாங்கியவரின் மின்னஞ்சலை வீடியோவின் ஓரத்தில் அச்சாக வைத்திருந்தால் எந்தக் கணக்கிலிருந்து கசிந்தது என்று அப்போதே தெரியும். ஓரத்தில் மட்டும் வைத்தால் வெட்டிவிடுவார்கள், நேரத்துக்கு நேரம் இடம் மாறுகிற மாதிரி வையுங்கள்.

பிறகு அகற்றல் அறிவிப்பு. பல பெரிய தளங்கள் டி.எம்.சி.ஏ. என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் வடிவத்தையே பின்பற்றுகின்றன. அதில் ஆறு விஷயம் இருக்க வேண்டும்: உங்கள் கையொப்பம், எது உங்கள் படைப்பு, மீறல் இருக்கும் துல்லியமான முகவரி, உங்கள் தொடர்பு விவரம், இது அனுமதியில்லாதது என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறீர்கள் என்ற வாசகம், தகவல் சரி என்பதும் பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டு நீங்களே உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதி என்பதுமான உறுதிமொழி.

பெரும்பாலான அறிவிப்புகள் தோற்பது மூன்றாவதில். 'இந்தக் குழுவில் என் வீடியோ இருக்கிறது' என்று குழுவின் முகவரியைக் கொடுத்தால் தளம் ஒதுக்கிவிடும். 30 வீடியோ என்றால் 30 இணைப்பு தனித்தனியாக வேண்டும். உங்கள் வகுப்பைப் பற்றி விமர்சனம் எழுதியவரின் பதிவையும் கோபத்தில் பட்டியலில் சேர்க்காதீர்கள், தெரிந்தே பொய்யாகக் கோரினால் நீங்களே இழப்பீடு கட்ட நேரும். அறிவிப்பின் நகல் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடும், பொதுக் காப்பகத்திலும் ஏறக்கூடும். வீட்டு முகவரியைப் போடாமல் அலுவலக முகவரியைப் போடுங்கள். பதிவேற்றியவர் எதிர் அறிவிப்பு கொடுத்துவிட்டால், நீங்கள் நீதிமன்றம் போகாதவரை 10 முதல் 14 வேலை நாளில் கோப்பு திரும்ப வந்துவிடும். தேடுபொறிக்கும் இதே விவரத்தோடு தனியாக எழுத வேண்டும். கோப்பு அழியாவிட்டாலும் தேடினால் கிடைக்காது என்றாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரே தளத்தை மட்டும் துரத்துவதில் பலன் குறைவு. பிரிட்டனில் 2012-இல் பைரேட் பே என்ற டோரண்ட் தளத்தை மட்டும் முடக்கியபோது ஆட்கள் வேறு வழியில் போனார்கள், முறையான சேவைகளின் பயன்பாடு உயரவில்லை. 2013-இல் 19 தளங்களை ஒன்றாக முடக்கியபோது உயர்ந்தது. ஆகவே இணைப்புகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் அனுப்புங்கள்.

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை தேடிப் பாருங்கள். பிறகு மேலே சொன்ன 560-ஐ வாராவாரம் மறுபடி போடுங்கள். அது, தேடுவதற்கு நீங்கள் செலவிடும் மணி நேரத்தின் மதிப்புக்குக் கீழே வந்துவிட்டால் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் அடுத்த வகுப்பைப் பதிவு செய்யுங்கள்.